மடிக்கணினிக்கும் மூச்சு வேண்டும்

ஹெப்பகோடியின் வாடகை அறைகளில் ஒரு புதுக் காட்சியைக் காணலாம். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேஜை. அதன்மேல் ஒரு மடிக்கணினி. இருபுறமும் இரண்டு மானிட்டர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, பக்கத்து எலெக்ட்ரானிக் சிட்டியின் அலுவலக வேலை ஊழியர்களின் வீடுகளுக்குள் குடியேறியது. அதில் ஒரு பகுதி இன்னும் திரும்பிப் போகவில்லை. கணக்கு எழுதுவோருக்கும் பில் சரிபார்ப்போருக்கும் ஒரு திரை போதாது என்பதும் உண்மையே.

ஆனால் நண்பகலுக்குள் மடிக்கணினி தோசைக்கல்லாகிவிடுகிறது. விசிறி இரைகிறது, வேலை நகர மறுக்கிறது. உடனே மெஷின் மீது பழி விழுகிறது. பழுது பெரும்பாலும் மெஷினில் இல்லை. சூடு எல்லை மீறினால், தன்னைக் காத்துக்கொள்ளச் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நாள்தோறும் இப்படிச் சுட்டால் பாட்டரியின் ஆயுள் குறையும். அது உப்பிப்போவதும் உண்டு.

பரிகாரம் கடினமானதன்று. மடிக்கணினிகள் பல அடிப்பக்கமாகக் காற்றை இழுத்துப் பின்புறமோ பக்கவாட்டிலோ வெளிவிடுகின்றன. மெத்தைமீதோ தடித்த விரிப்பின்மீதோ வைத்தால் மூச்சு அடைபடும். பின்புறத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்தால் காற்றோட்டம் சீராகும். மானிட்டர் நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்படி இருந்தால், 60 ஆகக் குறைக்கலாம். கணக்கு வேலைக்கு அதுவே தாராளம். தனி கிராபிக்ஸ் சிப் உள்ள மெஷின்கள் சிலவற்றில் ஹெச்.டி.எம்.ஐ. துளை அந்தச் சிப்போடு பிணைந்திருக்கும். அதில் மானிட்டரை மாட்டினால், வேலை இல்லாதபோதும் சிப் விழித்தே இருக்கும். வேறு துளை இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நலம். விசிறியில் படியும் தூசியையும் அவ்வப்போது அகற்றவேண்டும்.

பெங்களூரு குளிர்ந்த ஊர் என்ற நினைப்பும் இனி உதவாது. 2016 ஏப்ரலில் இந்நகரில் 39.2 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. வெயில் நேரே இறங்கும் மொட்டைமாடி அறையில் மனிதனே தவிக்கும்போது மெஷின் என்ன செய்யும்?

ஆயினும் எல்லாப் பொறுப்பையும் ஊழியர் தலையில் கட்டுவது நியாயமன்று. அலுவலகத்தில் மேஜையும் நாற்காலியும் குளிர்சாதனமும் தரும் நிர்வாகம், வீட்டிலிருந்து வேலை வாங்கும்போது ஒரு ஸ்டாண்டு தரத் தயங்குவது ஏன்? தவணையில் வாங்கிய சொந்த மெஷினில் வேலை செய்பவருக்கு, அது பழுதானால் ரிப்பேர்ச் செலவு ஒருபுறம், வேலை நின்ற நாளின் சம்பளம் மறுபுறம். ஊர் விட்டு வந்து மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் இரட்டை நஷ்டத்தைத் தாங்குவாரா? வேலைக்கான கருவியைப் பேணும் செலவு வேலை வாங்குபவரையே சாரும். நிர்வாகங்கள் கவனிக்குமா?