சின்ன கேபினட், பெரிய சூடு

கைக்கு அடக்கமான கம்ப்யூட்டர் பெட்டிகள் கண்ணைப் பறிக்கின்றன. இந்தியக் கோடையில் அவை தாக்குப்பிடிக்குமா என்பதை லிட்டர் கணக்கு சொல்லாது.

டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி ஸ்ட்ரீட். எங்கே போனாலும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர் பெரும்பாலும் கடைசியில்தான் கேபினட் பக்கம் திரும்புகிறார். பிராசஸருக்கு இவ்வளவு, கிராபிக்ஸ் கார்டுக்கு இவ்வளவு என்று பட்ஜெட் போட்டு, மிச்சமிருக்கும் பணத்தில் பளபளப்பாக ஒரு பெட்டி. முழங்கால் உயர டவர் கேபினட் என்றால் இதனால் பெரிய நஷ்டமில்லை. உள்ளே இடம் தாராளம். எதைப் போட்டாலும் பொருந்தும். மேஜை ஓரத்தில் அடங்கும் சிறிய கேபினட்டுக்கு ஆசைப்படுகிறவர் மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியாக வேண்டும். முதலில் பெட்டி. அதற்குள் எது அடங்கும், எது வேகாமல் பிழைக்கும் என்பதைப் பார்த்த பிறகே மற்றவை.

சிறிய பெட்டியின் கதை மதர்போர்டில் தொடங்குகிறது. 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவில் போர்டு 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது. 2001-ல் தைவானின் வியா டெக்னாலஜீஸ் 170 மி.மீ. சதுரத்தில் மினி ஐ.டி.எக்ஸ். அளவைக் கொண்டுவந்தது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு கருவிகளுக்காகப் பிறந்த இந்த அளவை, நாளடைவில் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். பெரிய கம்பெனிகள் கவனிக்காத இடத்தில் ஆர்வலர்களே பெட்டிகளை வடிவமைத்து, வாங்க நினைப்பவர்களிடமே முன்பணம் திரட்டித் தயாரித்தார்கள். 12.6 லிட்டர் கொள்ளளவு கொண்ட என்கேஸ் எம்1, வெறும் 7.2 லிட்டரில் முடிந்துவிடும் டான் ஏ4 ஆகியவை இப்படி வந்தவைதான். சாதாரண டவர் கேபினட் 40 முதல் 50 லிட்டர் வரை இடம் பிடிக்கும் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சுருக்கம் என்பது விளங்கும்.

இந்த மோகத்தைச் சாதாரண வாடிக்கையாளரிடம் கொண்டுசென்றதில் 2020-ல் கூலர் மாஸ்டர் வெளியிட்ட என்.ஆர்.200 வரிசைக்கு முக்கியப் பங்குண்டு. 18.25 லிட்டர். சிறிய பெட்டிகளில் இது கொஞ்சம் பருமன்தான். ஆனால் அந்தப் பருமனில் ஓர் அர்த்தம் இருக்கிறது. 330 மி.மீ. நீளமுள்ள கிராபிக்ஸ் கார்டு உள்ளே போகும். காற்றுத் துளைகள் கொண்ட பக்கத்தகட்டைப் போட்டால் 155 மி.மீ. உயரமுள்ள பிராசஸர் கூலர் நிற்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று 120 மி.மீ. ஃபேன்கள் பொருத்தலாம். பக்கத்தகடுகளை ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே கழற்றிவிடலாம் என்பதால், கை நுழையாமல் தவிக்கும் அவஸ்தை குறைவு. முன்பக்கத்தில் டைப்-சி இணைப்பு இல்லாதது அன்று பலரும் சொன்ன குறை.

கணக்கு சொல்லும் உண்மை

பெட்டிக்குள் எது பொருந்தும் என்பதை அளவுகோல் சொல்லிவிடும். எது ஓடும் என்பதைச் சொல்வது வெப்பம். 2016-ல் வந்த ஜீஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1080 கார்டுக்கு 180 வாட் மின்சாரம் போதுமாக இருந்தது. 2022-ன் ஆர்.டி.எக்ஸ். 4090 கேட்டது 450 வாட். 2025-ன் ஆர்.டி.எக்ஸ். 5090 கேட்பது 575 வாட். கார்டு விழுங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. பெட்டிகள் சுருங்கிக்கொண்டே போக, உள்ளே எரியும் அடுப்பு மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

எல்லாம் சேர்த்து 500 வாட் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் வெளியேற வேண்டுமானால், நொடிக்குச் சுமார் 41 லிட்டர் காற்று பெட்டிக்குள் பாய்ந்தாக வேண்டும். அதாவது என்.ஆர்.200 போன்ற பெட்டியில் இருக்கும் காற்று நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் முழுவதுமாக மாற வேண்டும். 7.2 லிட்டர் பெட்டி என்றால் ஐந்து முறைக்கு மேல். காற்று வரும் வழியையும் போகும் வழியையும் திறந்துவிடாத பெட்டியில் ஃபேன்கள் எத்தனை வேகமாகச் சுழன்றாலும் இது நடக்காது. மிஞ்சுவது இரைச்சல்தான்.

அழகுக்கு விலை கொடுப்பதும் இங்கேதான். என்.ஆர்.200பி மாடலுடன் துளையிட்ட தகடு, கண்ணாடித் தகடு இரண்டும் வந்தன. கிராபிக்ஸ் கார்டைச் செங்குத்தாக நிறுத்திக் கண்ணாடி வழியே காட்டவும் வழி செய்திருந்தார்கள். பார்க்க ஜோர். ஆனால் கார்டின் ஃபேன்கள் கண்ணாடிக்கு மிக அருகில் வந்துவிடுவதால் மூச்சு முட்டும். பிராசஸர் கூலருக்கான உயரமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் துளைத்தகட்டை மாட்டுவதே இந்தியாவில் புத்திசாலித்தனம்.

ஏனென்றால் வெளிநாட்டு விமர்சகர்கள் தரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20, 22 டிகிரிக் குளிரறையில் எடுக்கப்பட்டவை. அறையின் வெப்பம் ஏறினால் உள்ளே இருக்கும் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். 22 டிகிரி அறையில் 70 டிகிரியில் நிம்மதியாக ஓடிய கார்டு, ஏ.சி. இல்லாத 36 டிகிரி அறையில் 84 டிகிரியைத் தொடும். என்விடியாவின் பல கார்டுகள் 83, 84 டிகிரியை எட்டியதுமே தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. வாங்கியவர் முழு வேகத்துக்கும் பணம் கட்டியிருப்பார். மே மாதத்து நாக்பூரிலோ வேலூரிலோ அவருக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். விமர்சனம் படிக்கும்போது கார்டின் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, மிஞ்சும் எண்ணுடன் தன் வீட்டு மதிய வெப்பத்தைக் கூட்டிப் பார்ப்பதே சரியான வழி.

தூசி அடுத்த எதிரி. பெரிய டவரில் ஆறு மாதத் தூசி ஓர் அசிங்கம், அவ்வளவுதான். சிறிய பெட்டியில் அதுவே அடைப்பு. சாலையோர வீட்டில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது கழற்றித் தட்ட நேரலாம். எனவே ஃபில்டர் இருக்கிறதா என்பதோடு, அது சுலபமாகக் கழன்று வருகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஒரு ஸ்க்ரூ செய்த வேலை

வெப்பம் வேகத்தைத்தான் குறைக்கும். இட நெருக்கடி அதைவிடப் பெரிய ஆபத்தையும் கொண்டுவரலாம் என்பதற்கு என்.இசட்.எக்ஸ்.டி. கம்பெனியின் எச்1 கேபினட் சாட்சி. 2020-ல் வந்த இந்தக் குட்டி கோபுரத்தில் எஸ்.எம்.பி.எஸ்., திரவ கூலர் இரண்டும் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. வேலை மிச்சம் என்று ஆர்வலர்கள் வரவேற்றார்கள். கோளாறு ஒளிந்திருந்தது ரைசரில். கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டில் நேராகச் செருக இடமில்லாதபோது இரண்டையும் இணைக்கும் நீட்டிப்புதான் ரைசர். அதைப் பெட்டியுடன் இறுக்கிய உலோக ஸ்க்ரூ, போர்டுக்குள் ஓடும் 12 வோல்ட் மின்பாதைக்கு மிக அருகில் இருந்தது. மேல்பூச்சு தேய்ந்தால் ஷார்ட் சர்க்யூட். சில பெட்டிகளில் போர்டு சூடாகித் தீயும் பிடித்தது.

முதலில் கம்பெனி நைலான் ஸ்க்ரூ அனுப்பிச் சமாளிக்கப் பார்த்தது. பின்னாளில் யாராவது அதைத் தொலைத்துவிட்டு உலோக ஸ்க்ரூவை மாட்டினால் என்ன ஆகும் என்று விமர்சகர்கள் விடாமல் கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மூலம், அந்த நாட்டில் விற்ற சுமார் 32,000 பெட்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. ரைசரை மாற்றித் தரவும் கம்பெனி ஒப்புக்கொண்டது. பெட்டி வெளியான முதல் வாரத்தில் எழுதப்படும் புகழுரைகளில் இப்படிப்பட்ட குறைகள் தெரிவதில்லை. ஒரு மாடல் சந்தைக்கு வந்து ஆறு மாதமாவது ஆன பிறகு வாங்குவதில் நஷ்டம் எதுவுமில்லை.

மின் ஒயர் இன்னொரு நுட்பமான விஷயம். உச்ச விலைக் கார்டுகளில் உள்ள புதிய 16 பின் இணைப்பில், ஒயரை முதல் 35 மி.மீ. தூரத்துக்கு வளைக்கக்கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. சரியாக அழுந்தாத இணைப்புகள் உருகிய செய்திகள் 2022-ல் பரபரப்பாயின. என்.ஆர்.200பி-யில் கார்டின் உயரத்துக்குக் கிடைப்பது 156 மி.மீ. என்விடியாவே தயாரித்த 4090 கார்டின் உயரம் 137 மி.மீ. ஒயருக்கு மிஞ்சுவது சுமார் 19 மி.மீ. நீளத்தில் 304 மி.மீ. என்பதால் கார்டு பெட்டிக்குள் போய்விடும். பக்கத்தகட்டை மூடும்போதுதான் ஒயர் நசுங்கும். வேறு கம்பெனிகள் செய்த 4090 கார்டுகளில் சில 350 மி.மீ.-ஐயே தாண்டுகின்றன. அவை நுழையவே நுழையாது.

பட்ஜெட் போடுகிறவர் மறந்துவிடும் செலவும் உண்டு. மினி ஐ.டி.எக்ஸ். போர்டில் மெமரிக்கு இரண்டு இடம், கார்டுக்கு ஒரே இடம். இருந்தும் விலை பெரும்பாலும் பெரிய போர்டைவிட அதிகம். எஸ்.எம்.பி.எஸ்.-ஸும் எஸ்.எஃப்.எக்ஸ். என்ற சிறிய அளவில் வாங்க வேண்டும். அதே வாட்டுக்கு அதன் விலையும் கூடுதல். சிறிய ஊர்க் கடைகளில் அது உடனே கிடைப்பதும் அரிது. பழைய ரைசருக்கும் புதிய கார்டுக்கும் ஒத்துப்போகாமல் திரை கறுத்துவிட்டால், பயாஸ் அமைப்பில் இணைப்பின் வேகத்தை ஒரு தலைமுறை குறைத்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் சிறிய பெட்டி வேண்டுமா? இடம் குறைந்த மும்பை ஃபிளாட்டிலோ, ஊர் ஊராக மாற்றலாகும் வேலையிலோ இருப்பவருக்கு வேண்டும்தான். அவருக்கு 15 முதல் 20 லிட்டர் பெட்டியே உகந்தது. நாலாபுறமும் துளையிட்ட தகடு, கார்டை மதர்போர்டில் நேராகச் செருகும் அமைப்பு, 250 வாட்டுக்குள் அடங்கும் கார்டு ஆகியவை இருந்தால் இந்தியக் கோடையையும் தாண்டிவிடலாம். பெரிய கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால் அதன் மின் உச்சவரம்பை 70 சதவீதமாகக் குறைத்துவிடலாம். வேகம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. பத்து லிட்டருக்கும் கீழே போக விரும்புகிறவர் ஏ.சி. செலவையும் கம்ப்யூட்டர் பட்ஜெட்டிலேயே சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.