பெரிய திரையில் வாட்ஸ்அப்: கதவைச் சாத்த மறக்காதீர்கள்!



போன மாதம் நான் செய்த ஓர் அசட்டுத்தனத்தைச் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டுச் சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் பாடத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. என் வீட்டுக்காரர் நெய்கிறார். ஆர்டர்களைக் கவனிப்பது என் பொறுப்பு. "மயில்கண் கரை வேணும்", "முந்தியில அன்னபட்சி போடுங்க" என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். கையகலப் போனைக் குனிந்து குனிந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது, கண்ணிலும் எரிச்சல்.

காலேஜில் படிக்கும் என் பெண்தான், "ஏம்மா இப்படிக் கஷ்டப்படற? என் கம்ப்யூட்டர்லயே பாரேன்!" என்று சொல்லிக் கொடுத்தாள்.

வெகு சுலபம். கம்ப்யூட்டரில் பிரௌசரைத் திறந்து 'வெப் டாட் வாட்ஸ்அப் டாட் காம்' என்று ஆங்கிலத்தில் அடித்தால், கறுப்பு வெள்ளைப் பொடிக் கட்டங்களாய் ஒரு சதுரம் வரும். அதுதான் க்யூஆர் கோடு. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே வலது ஓரத்து மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'லிங்க்டு டிவைசஸ்', பிறகு 'லிங்க் எ டிவைஸ்' என்பதை அழுத்துங்கள். காமிராவை அந்தச் சதுரத்துக்கு நேரே பிடித்தால் ஆயிற்று! கரையின் ஒவ்வொரு புட்டாவும் பெரிதாகத் தெரிகிறது.

2015-ல் இந்த வசதி வந்தபோது, போனிலும் இன்டர்நெட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2021-ல் அதை மாற்றினார்கள். இப்போது போன் அணைந்து கிடந்தாலும் கம்ப்யூட்டரில் செய்தி வரும். ஒரு போனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம்.

இந்த வசதியேதான் எனக்கு வினையாக வந்தது.

மாமியாருக்குச் சர்க்கரை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. டாக்டரிடம் காட்ட அச்சிட வேண்டும். வீட்டில் பிரிண்டர் இல்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "இதுல ஸ்கேன் பண்ணுங்கக்கா" என்றான் கடைத் தம்பி. செய்தேன். காகிதம் வந்தது, காசு கொடுத்தேன், கிளம்பிவிட்டேன். போன்தான் என் கையில் இருக்கிறதே என்ற நினைப்பு!

நான்கு நாள் கழித்து என் போனை எதற்கோ பார்த்த பெண், "அம்மா, இது யார் கம்ப்யூட்டர்?" என்றாள். எனக்குப் பகீரென்றது. கடையில் என் வாட்ஸ்அப் அன்று மாலை வரை திறந்தே இருந்திருக்கிறது! வாடிக்கையாளர்களின் விலாசம், ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் அளவு, பாங்க் பாஸ்புக் படம், நாத்தனாரோடு பேசிய குடும்பக் கதை, எல்லாமே அதில். அந்தத் தம்பி பார்த்தானோ இல்லையோ, தெரியாது. தப்பு அவனுடையதல்ல, என்னுடையது.

"நம்ம செய்தியை வேற யாராலும் படிக்க முடியாதுன்னு சொல்றாங்களே?" என்றேன். வழியில் யாரும் படிக்க முடியாது, வாஸ்தவம்தான்; 2016-லிருந்து அப்படிப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் திறந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்தவரை எந்தப் பூட்டு தடுக்கும்?

ஆகவே சகோதரிகளே, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

* வெளிக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் இருப்பதே நல்லது. தேவையான ஒரு காகிதத்தை மட்டும் கடைக்காரர் எண்ணுக்கு அனுப்பி, அச்சானதும் அழிக்கச் சொல்லுங்கள்.

* திறந்தே ஆக வேண்டுமென்றால், கிளம்பும் முன் 'லாக் அவுட்' செய்யுங்கள். ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. இறக்கிய ஃபைல் 'டவுன்லோட்ஸ்' பகுதியில் தங்கிவிடும். அதையும் அழிக்க வேண்டும்.

* வெள்ளிக்கிழமை வீடு துடைக்கிற மாதிரி, வாரம் ஒருமுறை 'லிங்க்டு டிவைசஸ்' பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால், அதைத் தொட்டு 'லாக் அவுட்' கொடுங்கள். போனிலிருந்தே வெளியேற்றிவிடலாம். நானும் அப்படித்தான் செய்தேன்.

* யாரோ சொன்னார்கள் என்று க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வதோ, எட்டு எழுத்துக் கோடை வாட்ஸ்அப்பில் அடிப்பதோ கூடவே கூடாது. உங்கள் வாட்ஸ்அப் அவர்கள் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

* திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும், கழுத்து தப்பும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள்; கண்ணுக்கு இதம்.

எங்கள் ஊர்க் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் பிரியாமல் இருந்தால்தான் அழகு. உங்கள் போனும் ஊரார் கம்ப்யூட்டரும் அப்படி இருக்கலாமா? வேலை முடிந்ததும் பிரித்துவிடுங்கள்.

என்ன, இப்பவே போனை எடுத்துப் பார்க்கிறீர்கள்தானே?