பயிற்றுநர் விட்டுச் சென்றது என்ன?

பினாங்கில் காற்பந்து ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்துவிடுவதில்லை. நடுவர் கடைசி ஊதலை ஊதி, நாம் மாமாக் கடைக்குப் போய், தே தாரிக் மேசைக்கு வந்த பிறகுதான் இரண்டாவது ஆட்டம் தொடங்குகிறது. அதற்கு நடுவரும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. அப்பா, அப்பாவின் நண்பர்கள், நான் என்று ஒரு சிறு கூட்டம் பல ஆண்டுகளாக அந்த ஆட்டத்தை ஆடி வருகிறது. எங்கள் மேசையில் இன்றுவரை தீராத வழக்கு ஒன்று உண்டு. தோமாஸ் துருகா நல்ல பயிற்றுநரா, இல்லையா?

தமிழ்க் கழக ஆண்டு மலரில் காற்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது காற்பந்தைப் பற்றிய வழக்குதான். ஆனால் தீர்ப்பு நம் எல்லார் மீதும் வந்து விழுகிறது.

முதலில் வழக்கின் விவரம். பினாங்கு அணிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1974-இல் மலேசியக் கிண்ணம், 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம், 2002-இல் எஃப்.ஏ. கிண்ணம் என்று அப்பா விரல் விட்டு எண்ணுவார். அவர் எண்ணி முடிக்கும் இடத்தில்தான் என் தலைமுறை தொடங்குகிறது. நான் பிறந்தது 2003-இல். எனக்கு நினைவு தெரிந்தபோது நம் அணி மூன்றாம் நிலையான எஃப்.ஏ.எம். லீக்கில் விளையாடிக் கொண்டிருந்தது. அது 2013. அங்கிருந்து ஏறி, 2015-இல் பிரிமியர் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்து, சூப்பர் லீக்குக்குள் நுழைந்தது. 2017-இல் மீண்டும் விழுந்தது. 2020-இல் கோவிட் காரணமாகச் சுருக்கப்பட்ட பருவத்தில் மன்சூர் அஸ்விராவின் பயிற்சியில் பிரிமியர் லீக்கை வென்று மறுபடியும் மேலே வந்தது. அடுத்த ஆண்டு அணியைக் கையில் எடுத்தவர்தான் செக் நாட்டுக்காரரான துருகா. 2021-இல், சூப்பர் லீக்குக்குப் புதிதாகத் திரும்பிய அணி, ஜொகூருக்கும் கெடாவுக்கும் அடுத்து மூன்றாம் இடத்தில் நின்றது. என் வாழ்நாளில் பினாங்கு அணியின் மிகச் சிறந்த பருவம் அதுதான். ஆனால் 2022-இல் அதே அணி பட்டியலின் அடியில், 12-ஆம் இடத்தில் கிடந்தது. பருவம் முடியும் முன்பே துருகா போய்விட்டார்.

இப்போது எங்கள் மேசைக்கு வாருங்கள். அப்பாவின் நண்பர் ஒருவர், பிறையில் தொழிற்சாலை வேன் ஓட்டுபவர், மன்சூர் கட்சி. “வீட்டக் கட்டினது ஒருத்தன், பால் காய்ச்சினது இன்னொருத்தன். 2020-ல அணிய உருவாக்கிக் கொடுத்தது யாரு? துருகா வந்து உட்கார்ந்தாரு, அவ்வளவுதான்” என்பார். அப்பா விடமாட்டார். “பிரிமியர் லீக்ல ஜெயிச்ச எல்லா அணியும் மறு வருஷம் மூணாவது இடத்துக்கு வந்துச்சா? அந்த மனுசன் இல்லன்னா நடந்திருக்காதுண்ணே” என்பார். இன்னொருவர், “சரி, மூணாவது இடம் அவரோடதுன்னா 12-ஆவது இடம் யாரோடது?” என்று கேட்பார். அதற்கு மேல் யாருக்கும் பேச்சு வராது. இன்னொரு தே ஓ பெங் சொல்வோம்.

நான் நெடுநாள் 12-ஆவது இடத்தின் கட்சியில் இருந்தேன். காரணம் எளிது. 2021-இல் நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளால் பெரும்பாலான ஆட்டங்கள் ரசிகர்களே இல்லாமலோ மிகச் சில ரசிகர்களோடோ நடந்தன. அந்தப் பொற்காலத்தை நான் வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். 2022-இல் அரங்கம் திறந்தது. சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி, ஜார்ஜ் டவுன் நகர அரங்கில் மழையில் நனைந்துகொண்டு நான் பார்த்தது தோல்விகளை மட்டுமே. ஏற்றத்தைக் கண் மட்டும் பார்த்தது. இறக்கத்தை உடம்பு முழுவதும் அனுபவித்தது. அதனால் எனக்குத் துருகா என்றால் தோல்விதான். என் தீர்ப்பு பயிற்றுநரைப் பற்றியது அன்று, நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதைப் பற்றியது என்பது வெகுநாள் கழித்தே புரிந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் என்னிடம் உண்டு. 2016 பிப்ரவரி 16, செவ்வாய்க்கிழமை. மறுநாள் பள்ளி. அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அப்பா என்னை அதே அரங்குக்கு அழைத்துப் போனார். பகாங்குடன் ஆட்டம். அன்று முகமட் ஃபாயிஸ் சுப்ரி தூரத்திலிருந்து அடித்த ஃபிரி கிக் ஒரு பக்கம் போவதுபோல் போய், நடுவானில் திசை மாறி, கோல் காவலரை ஏமாற்றி வலைக்குள் இறங்கியது. 2017 ஜனவரியில் சூரிக் நகரில் அந்தக் கோலுக்கு ஃபிஃபாவின் புஷ்காஸ் விருது கிடைத்தது. ஆசியக் கண்டத்திலிருந்து அவ்விருதைப் பெற்ற முதல் ஆட்டக்காரர் நம் பினாங்கு அணிக்காரர். அன்று அணியின் பயிற்றுநர் பிரேசில்காரர் ஜாக்சன் தியாகோ. நம்மை 2015-இல் மேலே ஏற்றியவரும் அவரே. ஆனால் 2016 பருவம் முடியும் முன்பே அவரும் போய்விட்டார். அவர் நல்லவரா, கெட்டவரா என்று எங்கள் மேசையில் யாரும் அடித்துக்கொள்வதில்லை. அந்த ஒரு கோல் எல்லாக் கணக்கையும் மூடிவிட்டது. ஜாக்சனுக்கு ஒரு நியாயம், துருகாவுக்கு ஒரு நியாயம். நம் நினைவு நல்ல நீதிபதி அன்று.

அப்படியானால் எப்படித்தான் எடை போடுவது? என் கருத்து இது. ஒரு பயிற்றுநரைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வந்தபோது அவர் கையில் என்ன இருந்தது? இருந்தபோது என்ன செய்தார்? போனபோது எதை விட்டுச் சென்றார்? நாம் நடுக்கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுக் கடையை மூடிவிடுகிறோம். முதல் கேள்வியைக் கேட்டால் மன்சூருக்கு உரிய மரியாதை தானாக வந்துவிடும். நடுக்கேள்வியைக் கேட்டால் 2021-ஐத் துருகாவிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. மூன்றாவது கேள்வியைக் கேட்டால் அவர் ஆதரவாளரான அப்பாவும் சற்றுத் தலைகுனிய வேண்டும். மூன்றுக்கும் மூன்று விடைகள் வரும். அவற்றை ஒரே சொல்லில் அடக்கப் பார்ப்பதால்தான் சண்டை.

உலகம் கொண்டாடும் பெயர்களுக்கும் இதே கணக்குதான். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு வந்தார். முதல் கிண்ணம் 1990-இல்தான் கிடைத்தது. லீக் பட்டத்துக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2013-இல் 13-ஆவது லீக் பட்டத்தோடு விடைபெற்றார். மறு பருவத்தில் அதே அணி ஏழாம் இடத்துக்குப் போனது. அடுத்து வந்த டேவிட் மோய்ஸ் ஓராண்டு கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. குற்றம் மோய்ஸுடையதா, வயதேறிய அணியை விட்டுச் சென்ற ஃபெர்குசனுடையதா? இந்த வழக்கும் நம் மாமாக் கடைகளில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 2009 தொடக்கத்தில் மலேசிய அணி ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்றது. தேசியப் பயிற்றுநர் பி. சத்தியநாதன் பதவி இழந்தார். அடுத்து வந்த கே. ராஜகோபால் அதே ஆண்டு வியன்டியனில் சீ விளையாட்டுத் தங்கத்தையும், 2010 டிசம்பரில் சுசுகி கிண்ணத்தையும் வென்று கொடுத்தார். அந்தக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்ற அணி, இறுதியாட்டத்தில் அதே இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 4-2 என்று வென்றது. நாட்டுக்கே ஒரு நாள் பொது விடுமுறை விட்டார்கள். ஒருவர் தோற்றவர், ஒருவர் வென்றவர் என்று நாம் எளிதாக எழுதிவிட்டோம். ஆனால் பதவி இழந்த சத்தியநாதன் கிளந்தானுக்குப் போய், 2010 அக்டோபரில் அம்மாநிலத்துக்கு முதல் மலேசியக் கிண்ணத்தை வாங்கித் தந்தார். அந்தக் கிளந்தான் அணியில் விளையாடிய கோல் காவலர் கைருல் ஃபாமியும் தாக்குதல் ஆட்டக்காரர் நோர்ஷாருல் இட்லானும் இரண்டே மாதத்தில் ராஜகோபாலின் அணியிலும் நின்றார்கள். ஒருவர் தீட்டிய கத்தியை இன்னொருவர் எடுத்து வெட்டினார். இதில் யார் பெரியவர் என்று கேட்பதே தவறு. இருவருமே நம்மவர்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஆர்சனல் அணிக்கு வெங்கர் எந்த ஆண்டு வந்தார் என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நாம், இந்த இரண்டு பெயர்களைச் சொல்லத் தடுமாறுகிறோம்.

“காசு கொடுத்துப் பார்க்கிற ரசிகனுக்குத் திட்டக்கூட உரிமை இல்லையா?” என்று கேட்கலாம். உண்டு. தோற்ற இரவில் திட்டுவதும் காற்பந்தின் ஒரு பகுதிதான். பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுப்பதே வெற்றிக்காகத்தான் என்பதும் உண்மை. ஆனால் அந்த இரவின் கோபம் வேறு, ஆண்டுகள் கடந்து எழுதும் வரலாறு வேறு. கோபத்தையே வரலாறாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு சின்னத் திடலில் பார்த்திருக்கிறேன்.

நான் படித்தது ஒரு தமிழ்ப்பள்ளியில். திடலில் பாதி கார் நிறுத்துமிடம். மீதிப் பாதியில் சனிக்கிழமைதோறும் எங்களுக்குக் காற்பந்து கற்றுக் கொடுத்தவர் ஒரு லாரி ஓட்டுநர். நாங்கள் அவரை ‘மாஸ்டர்’ என்போம். சம்பளம் இல்லை. பந்துகூட அவருடையதுதான். 2014-இல், எனக்கு 11 வயதாக இருந்தபோது, வட்டாரப் போட்டியில் 0-6 என்று தோற்றோம். பிறகு நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், “இவருக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியுமா?” என்று சிலர் எழுந்து கேட்டார்கள். கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். மறு வாரம் மாஸ்டர் வரவில்லை. அவர் இடத்துக்கு வேறு யாரும் வரவுமில்லை. நான் ஆறாம் ஆண்டு முடிக்கும் வரை எங்கள் பள்ளிக்கு அணியே இல்லை.

ஆனால் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது ஒன்று நடந்தது. முதலாம் படிவத் தேர்வுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். எங்கள் தமிழ்ப்பள்ளியிலிருந்து போன நான்கு பேரில் மூவர் அணியில் இடம் பிடித்தோம். பந்தை நிறுத்தத் தெரிந்தது, தலையை நிமிர்த்தி ஆளைப் பார்த்துப் போடத் தெரிந்தது. யார் சொல்லிக் கொடுத்தார் என்று பயிற்சி ஆசிரியர் மலாயில் கேட்டார். அப்போதுதான் எனக்கு முதன்முதலாக வெட்கமாக இருந்தது.

சென்ற ஆண்டு தைப்பூசத்தில், தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மாஸ்டரைப் பார்த்தேன். மோர் ஊற்றிக் கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என் பெயர் அவருக்கு நினைவில்லை. என் காலைப் பார்த்துவிட்டு, “தம்பி, நீ இடது கால்காரன்தானே? இன்னும் அதுலதான் அடிக்கிறியா?” என்றார். ஆமாம் மாஸ்டர் என்றேன். வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

0-6 என்பது உண்மை. அணியில் இடம் பிடித்த மூவரும் உண்மை. முதலாவதை அன்றே எழுதி வைத்தோம். இரண்டாவதை எழுத யாரும் இல்லை.

நண்பர்களே, இப்போது சொல்லுங்கள், இது காற்பந்துக்கு மட்டுமா? நம் கழகத்திலும் ஒவ்வோர் ஆண்டும் புதிய செயலவை வருகிறது. பொறுப்பேற்ற முதல் வாரத்தில் நாம் பேசும் முதல் பேச்சு, “போன வருஷம் இருந்தவங்க ஒன்னுமே செய்யல” என்பதுதானே? அவர்களுக்கு முன் கையில் என்ன இருந்தது என்று கேட்டோமா? அவர்கள் விட்டுச் சென்ற கோப்புகளைத் திறந்து பார்த்தோமா? அடுத்த ஆண்டு நம்மையும் இதே தராசில்தான் நிறுத்துவார்கள்.

துருகா வழக்கில் என் தீர்ப்பைக் கேட்டால், 2021-க்கு நன்றி, 2022-க்கு வருத்தம், இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள் என்பேன். இன்னும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பந்தையோ பாட்டையோ பேச்சையோ கற்றுக்கொடுத்து, கிண்ணம் எதுவும் வாங்காமல் போன ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். அடுத்த முறை மாமாக் கடையில் வழக்கு தொடங்கும்போது, அவர் பெயரையும் ஒருமுறை மேசைக்குக் கொண்டு வாருங்கள்.