பையைச் சுமப்பவர் யார்?



சபராளிகளிடம் கடிதம் கொடுத்தனுப்பிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். துபாய்க்கோ சவூதிக்கோ புறப்படுகிறவர் யார், எந்தத் தெரு, யாருடைய பிள்ளை என்று விசாரித்த பின்னரே நம் வீட்டுப் பெண்கள் உறையை நீட்டுவார்கள். அந்த எச்சரிக்கையை அண்மையில் நிகழ்ந்த ஒன்று எனக்கு மீண்டும் நினைவூட்டியது.

ஆராய்ச்சி மாணவியான என் தங்கை மகள் ஒரு மாலையில் கைப்பேசியும் அச்சிட்ட தாளுமாக வந்தாள். கல்லூரி நூலகத்தின் மின்னிதழ்களை வீட்டிலிருந்தே படிக்க 'வி.பி.என்.' இணைப்பு வேண்டுமாம். நம் கைப்பேசியிலிருந்து செல்லும் செய்திகளைப் பூட்டிய பையிலிட்டு, வேறொரு கணினியின் வழியே அனுப்பும் ஏற்பாடு அது.

"மாமா, 'எல்.டூ.டி.பி.' என்பதைத் தேர்ந்தெடுக்கும்படி தாளில் இருக்கிறது. என் கைப்பேசியில் அப்படி ஒன்றே இல்லையே!" என்றாள்.

முகவரியைத் திருத்தினோம். கடவுச்சொல்லை மும்முறை இட்டோம். கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கினோம். இஷா தொழுகைக்குப் பின்னும் தொடர்ந்தோம்; பயனில்லை. காரணம் பிறகே விளங்கிற்று. 2021இல் வெளியான ஆண்ட்ராய்டு 12 முதல், 'பி.பி.டி.பி.', 'எல்.டூ.டி.பி.' ஆகிய பழைய வகைகளில் புதிய இணைப்பு அமைக்கும் வசதி நீக்கப்பட்டுவிட்டது. 'ஐ.கே.இ.வி.2' என்னும் வகையே எஞ்சியுள்ளது. குறை அவளிடமும் இல்லை, கைப்பேசியிலும் இல்லை, தாள் பழையது!

சலிப்புற்ற அவள் இலவசச் செயலி ஒன்றை இறக்கினாள். உடனே, "இச்செயலி உங்கள் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க இயலும், நம்பினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு தோன்றியது. அவள் விரல் 'சரி' என்பதை நெருங்கியது.

"பொறு அம்மா! இவர்கள் யார்?" என்றேன். அவளிடம் விடையில்லை. அச்செயலி பையைத் தன் கணினிக்குக் கொண்டு செல்லுமேயன்றிக் கல்லூரிக்குக் கொண்டு செல்லாது என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

எண்ணிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவன ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத்தாரும் 2016இல் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 18 விழுக்காடு செய்தியைப் பூட்டவே இல்லை. 38 விழுக்காட்டில் தீங்கு நிரல்களின் அறிகுறி தென்பட்டது. பூட்டு என நம்பி வாங்கியது திறந்த பையாக இருந்தால் யாரிடம் முறையிடுவது?

மறுநாள் அவள் நூலகத்தாரிடமே கேட்டாள். புதிய வழிமுறை கிடைத்தது. பத்து நிமிடத்தில் நூலகமும் திறந்தது.

ஆகவே வாசகர்களே, இணைப்பு அமையவில்லையெனில் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். தாளின் ஆண்டைப் பாருங்கள். இணைப்பைத் தருகிறவரிடமே கேளுங்கள். எரிச்சல் மிகுந்த வேளையில்தான் யாரிடமும் உறையை நீட்டிவிடுகிறோம். 'சரி' என்பதைத் தொடுமுன், நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்ட அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: பையைச் சுமப்பவர் யார்?