செவிலியர் ஆய்வும் தமிழாசிரியர் கையொப்பமும்

தமிழ் அக இலக்கியம் பயின்றோர் செவிலித்தாயை நன்கறிவர். தலைவியை ஈன்றவள் நற்றாய். உண்டாளா, உறங்கினாளா என்று கண்ணிமை போல் காத்து வளர்ப்பவள் செவிலி. தலைவியின் உடல் மெலிவையும் நிறமாற்றத்தையும் கண்டு கவலையுறுபவளும் அவளே. ஆயினும் அம்மெலிவின் காரணத்தை அறிய அவள் கட்டுவிச்சியை நாடுகின்றாள், வேலன் அழைக்கப்படுகின்றான், வெறியாட்டு நிகழ்கின்றது, ஆட்டுக்குட்டி பலியாகின்றது, நோய் மட்டும் தீர்வதில்லை. காரணம் அறியாது கலங்கும் செவிலியிடம் தோழி உண்மையை எடுத்துரைப்பதாக அமைந்ததே கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. அதன் 261 அடிகளையும் வகுப்பில் நடத்துந்தோறும் எமக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. அன்பு மிகுந்திருந்தால் மட்டும் போதாது. கேட்க வேண்டியவரிடம் கேட்கவேண்டிய முறையில் கேட்டால்தான் நோயின் முதல் புலப்படும்.

இன்று மருத்துவமனைகளில் பணிபுரிவோரை நாம் செவிலியர் என்றே அழைக்கின்றோம். வள்ளுவரும் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்ற மூன்றோடு அருகிருந்து பணி செய்பவனையும் சமமாக வைத்தெண்ணினார். அத்தகு செவிலியர் கல்வியில் ஆய்வு இன்று எந்நிலையில் உள்ளது? அதனைக் கற்கும் மாணவியர் ஆய்வை எவ்வாறு நோக்குகின்றனர்? தமிழ்த்துறை மலரில் இவ்வினாவுக்கு என்ன இடம் என்று சிலர் வியக்கக்கூடும். இடம் உண்டு என்பதையும், அதில் நம் பிழையும் கலந்துள்ளது என்பதையும் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

செவிலியரும் ஆய்வும்

'நர்ஸ் வேலைக்கு ஆராய்ச்சி எதற்கு? கையும் மனமும் கனிவாக இருந்தால் போதாதா?' என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. கனிவு வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, அன்னை ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் தங்கவைத்துப் பராமரிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நம் சமுதாயம் பெருமையுடன் நினைவுகூர்கின்றது. மகளிரின் மருத்துவப் பணிக்கு நம் வரலாற்றிலேயே இத்துணைத் தொன்மையான சான்று உண்டு.

கனிவோடு கணக்கும் சேரும்போது என்ன நிகழும் என்பதற்கு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் சான்றாவார். 1854 நவம்பரில் அவர் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அவ்வூர் இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதி. கைவிளக்கேந்திய காரிகை என்றே பாடநூல்கள் அவரை அறிமுகம் செய்கின்றன. ஆனால் விளக்கைக் காட்டிலும் பெரிய கருவியொன்று அவரிடம் இருந்தது. அது புள்ளிவிவரம். போர்க்காயத்தால் இறந்த வீரர்களைவிடத் தடுக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தோரே மிகப் பலர் என்பதை எண்களைக் கொண்டு மெய்ப்பித்தார். அதனை 1858இல் வண்ண வரைபடமாக்கி ஆட்சியாளர் முன் வைத்தார். இந்தியாவிலிருந்த படையினரின் சுகாதார நிலை பற்றி ஆராய்ந்து 1863இல் அறிக்கையளித்த அரச ஆணையத்தின் பணியிலும் அவர் பங்கு பெரிது. செவிலியர் ஆய்வு என்பது மருத்துவரிடம் இரவல் வாங்கிய அணிகலன் அன்று. நவீன செவிலியப் பணியோடு உடன்பிறந்தது என்பதற்கு இவை போதுமானவை.

நம் நாட்டிலும் இக்கல்விக்கு நெடிய மரபுண்டு. 1946இல் இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு முதன்முதலாகத் தொடங்கப்பெற்ற இரு இடங்களுள் ஒன்று வேலூர், மற்றொன்று தில்லி. இன்று இளநிலைச் செவிலியர் பட்டப்படிப்பில் ஆய்வும் புள்ளியியலும் ஒரு பாடம். முதுநிலையில் ஆய்வேடு கட்டாயம். ஏட்டளவில் குறையேதும் இல்லை.

மாணவியர் படும் இடர்ப்பாடுகள்

எம் தெருவிலும் உறவிலும் செவிலியர் கல்வி பயிலும் பெண்பிள்ளைகள் பலர் உளர். ஆய்வைப் பற்றி அவர்களிடம் கேட்டால் வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: 'அது முடிந்தால் போதும்.' இதனைக் கேட்டவுடன் இளைய தலைமுறைக்கு ஆர்வம் இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடுதல் எளிது. அது நேர்மையாகாது. அவர்களின் ஒருநாளைப் பார்த்தல் வேண்டும்.

விடியற்காலையில் வார்டுப் பணி, பிற்பகலில் வகுப்பு, இரவில் நோயாளர் பற்றிய பதிவேடுகளை எழுதும் வேலை. இடையிடையே இரவுப்பணியும் வரும். இவற்றுக்கிடையே மிஞ்சும் நேரமே ஆய்வுக்குரிய நேரம். தலைப்பை நெறியாளர் ஏற்க வேண்டும். நெறிமுறைக்குழுவின் அனுமதி வேண்டும். மருத்துவமனை நிருவாகத்தின் இசைவு வேண்டும். இவை யாவும் கைவரும்போது தரவு திரட்ட எஞ்சுவன சில வாரங்களே. புள்ளியியல் பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்க்கு, தம் தரவைத் தாமே கணக்கிடும் துணிவு வருவதில்லை. அதற்கெனக் கட்டணம் பெறுவோரை நாடுகின்றனர். கல்விக் கடனில் பயிலும் பிள்ளைக்கு அக்கட்டணமும் தட்டச்சுச் செலவும் கட்டமைப்புச் செலவும் பெருஞ்சுமையே.

இதனால் விளைவது யாது? புதிய வினா எழுப்புதல் இடர் தரும். பழைய தலைப்பே பாதுகாப்பு என்ற எண்ணம் வேரூன்றுகின்றது. ஒரு நோயைப் பற்றிய அறிவை முன்தேர்வால் அளந்து, சிறிது கற்பித்து, ஏழாம் நாளில் பின்தேர்வால் மீண்டும் அளந்து, அறிவு உயர்ந்தது என்று முடிவு கூறும் அமைப்பு, ஊரும் நோயும் மட்டும் மாறி, ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகின்றது. கற்பித்தால் அறிவு உயரும் என்பதை மெய்ப்பிக்க ஆய்வு வேண்டுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு வார்டில் அம்மாணவியே கண்ட ஒன்று, அவளை உறுத்திய ஒன்று, அதுவே ஆய்வுப்பொருளாதல் வேண்டும். படுக்கைப்புண் வந்த முதியவரை ஏன் உறவினர் திருப்பிப் படுக்கவைக்க அஞ்சுகின்றனர்? மாத்திரையை வாங்கிச் சென்றவர் ஏன் பாதியில் நிறுத்துகின்றார்? இத்தகைய வினாக்கள் அவளிடம் உள்ளன. கேட்பார்தாம் இல்லை.

மொழி என்னும் சுவர்

இவ்விடர்களுள் யாம் நேரில் அறிந்தது மொழியிடர். செவிலியர் கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. வினாநிரல் ஆங்கிலத்தில் உருவாகின்றது. விடை கூற வேண்டிய நோயாளரோ தமிழர். ஆகவே வினாநிரலைத் தமிழாக்கி, அத்தமிழ் செம்மையாக உள்ளது என்று தமிழாசிரியர் ஒருவரிடம் சான்றிதழ் பெற்று ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கும் வழக்கம் இருக்கின்றது. அவ்வகையில் ஆண்டுதோறும் சிலர் எம்மிடமும் வருகின்றனர். விடைத்தாள் திருத்தும் நெருக்கடியில், நின்ற நிலையிலேயே புரட்டிப் பார்த்து, ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்திக் கையொப்பமிட்டு அனுப்பியதும் உண்டு. உதவி செய்தோம் என்றே அந்நாளில் எண்ணினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையார் சர்க்கரை நோயால் காலில் புண் கண்டு மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பெற்றார். ஒரு பிற்பகலில் மாணவி ஒருத்தி வினாநிரலுடன் வந்தாள். இரவுப்பணி முடித்து உறங்காத கண்கள், ஆயினும் இன்முகம். 'பாட்டிம்மா, ஒரு பத்து நிமிசம் பேசலாமா?' என்று கேட்டு, ஒப்புதல் படிவத்தைப் படித்துக்காட்டினாள். 'இவ்வாய்வில் பங்கேற்பதற்கான எனது தன்னார்வ இசைவினை இதன்வழி நல்குகிறேன்' என்ற தொடர் அதில் இருந்தது. அன்னையார் தலையசைத்து விரல்பதித்தார். அடுத்த வினா: 'தாங்கள் அழுத்தத்தை எவ்வளவு அடிக்கடி அனுபவிக்கிறீர்கள்?' அன்னையார் தயங்காது கூறினார்: 'ஆமாம்மா, பிரஷர் பத்து வருசமா இருக்கு. காலையிலே ஒரு மாத்திரை போடுறேன்.' மாணவி ஒரு கணம் திகைத்தாள். கையிலிருந்த தாளையும் எஞ்சியிருந்த கட்டில்களையும் பார்த்தாள். பின்பு 'எப்போதும்' என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

மனக்கவலை பற்றிய வினாவுக்கு இரத்தக்கொதிப்பு விடையாயிற்று. அந்தக் குறி எண்ணாகி, எண் அட்டவணையாகி, அட்டவணை முடிவாகியிருக்கும். அவள் சென்றபின் அன்னையார் கூறியது இன்றும் எம் செவியில் உள்ளது: 'நல்ல புள்ள. எதைக் கேக்குதுன்னுதான் வெளங்கல.' கால் போய்விடுமோ என்று அவர் இரவெல்லாம் விழித்திருந்ததை யாம் அறிவோம். அதனைத்தான் அந்த வினா கேட்க விரும்பியது. 'இந்தக் கால் புண்ணை நெனச்சு ராத்திரி தூக்கம் வராம இருக்கீங்களா?' என்று கேட்டிருந்தால் அவர் மனம் திறந்திருப்பார்.

அந்த வினாநிரலுக்குச் சான்றளித்தவர் யாரென யாம் அறியோம். அது எம் கையொப்பம் அன்று. ஆனால் எம் கையொப்பம் தாங்கிய தாள்களும் அவ்வாறே வேறு பல அன்னையர் முன் படிக்கப்பெற்றிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

பிழை மாணவியுடையது மட்டும் அன்று. 'பிரத்தியேகத் தாய்ப்பாலூட்டல்' என்ற தொடரில் இலக்கணப் பிழை இல்லை. அதற்கு யாரும் சான்றளிப்பர். ஆனால் 'தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறீர்களா?' என்று எளிமையாகக் கேட்டாலும் பல தாய்மார் ஆம் என்றே கூறுவர். பிறந்தவுடன் சேனை வைத்ததையும், இடையில் கொடுத்த தண்ணீரையும், உரைமருந்தையும் அவர்கள் உணவாகக் கருதுவதில்லை. முதல் ஆறு மாதம் தண்ணீரும் வேண்டா என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே சேனை, தண்ணீர், உரைமருந்து என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும். இங்கே தேவைப்படுவது இலக்கணச் செம்மையன்று, மக்கள் வழக்கறிவு. ஒப்புதலும் அவ்வாறே. பங்கேற்பவருக்கு விளங்கும் மொழியில் விளக்கியே இசைவு பெறவேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின் அடிப்படை. விளங்காத தமிழில் பெற்ற விரல்பதிவு இசைவாகுமா?

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன

இதற்கு முன்மாதிரி நம் மொழியிலேயே உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கடல் கடந்து வந்தவர் அவ்வளவு செய்தபோது, அடுத்த தெருவிலுள்ள செவிலியர் கல்லூரிக்கு நாம் சிறிதேனும் செய்யலாகாதா?

முதலாவதாக, படிக்காமல் கையொப்பமிடுவதில்லை என்று உறுதி கொள்வோம். எழுத்தறியாத ஐவரிடமேனும் வினாநிரலை உரக்கப் படித்துக்காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதைக் கேட்டு, திருத்திய பின்னரே சான்றளிப்போம். தமிழாக்கத்தை, மூலத்தைக் காணாத மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்புநோக்கும் முறையையும் வற்புறுத்துவோம்.

இரண்டாவதாக, நோயாளர் வழக்குச் சொற்களைத் தொகுப்போம். கிறுகிறுப்பு, மரமரப்பு, நீர்க்கடுப்பு, நெஞ்சு கரித்தல், கைகால் உளைச்சல், பால் கட்டிக்கொள்ளுதல் என மக்கள் தம் உடலைப் பற்றிப் பேசும் சொற்கள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. முதுகலைத் தமிழ் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த களப்பணி வேறில்லை. யாம் பயின்ற ஆய்வியல் நிறைஞர் பட்டம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளோடு முடிவுக்கு வந்தது. பட்டம் போனாலும் சிறு ஆய்வுகளின் தேவை போய்விடவில்லை.

மூன்றாவதாக, ஒவ்வொரு செவிலியர் ஆய்வேட்டின் முடிவும் ஒரு பக்கத் தமிழில் எழுதப்பெற்று, தரவு தந்த வார்டுக்கே திரும்ப வேண்டும். பொன்னெழுத்துப் பொறித்த அட்டைக்குள் அடங்கி நூலக அலமாரியில் உறங்குவதற்காக நோயாளர் தம் நேரத்தைத் தரவில்லை. தம் ஆய்வால் ஒரு வார்டின் பழக்கமேனும் மாறிற்று என்று காணும் மாணவி, 'முடிந்தால் போதும்' என்று மீண்டும் கூறமாட்டாள்.

சமுதாயப் பெரியோருக்கும் ஒரு வேண்டுகோள். செவிலியர் கல்வி பயிலும் நம் பிள்ளைகளுக்குக் கட்டணம் செலுத்த உதவுகின்றீர்கள்; நன்று. ஆய்வுச் செலவுக்கும் ஒரு சிறு பங்கு ஒதுக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் 'எப்போது வெளிநாடு?' என்று கேட்பதோடு, 'வார்டில் என்ன கண்டாய்?' என்றும் ஒருமுறை கேளுங்கள்.

எம் அன்னையார் கால் தப்பி வீடு திரும்பினார். அந்த மாணவி இன்று எங்கோ செவிலியாகப் பணிபுரிந்துகொண்டிருப்பாள். அவளை யாம் குறைகூறவில்லை. அவள் கையில் கொடுக்கப்பட்ட தாள்தான் அவளைக் கைவிட்டது. இனி எம்மிடம் வரும் தாள் எதுவும் எம் அன்னையாருக்கு விளங்குமா என்று பாராது வெளியேறாது. இவ்வுறுதியை இம்மலரில் எழுத்தாகவே பதிவு செய்கின்றோம். துறைத் தோழர்களும் உடன்வருவர் என நம்புகின்றோம்.