இயந்திர சிகிச்சையும் தவக்குலும்



மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத ஆறு வயது மகனின் தந்தை ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், பிள்ளைக்கு ரோபோ இயந்திரத்தில் நடைப்பயிற்சி கொடுக்கலாம் என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ, அல்லாஹ் விதித்ததைப் பொறுத்துக்கொள்வதுதான் ஈமான் என்கிறார்கள். எது சரி?"

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். முயற்சியைக் கைவிடுவது தவக்குல் அன்று. முயன்றுவிட்டு முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். ஸபூர் என்பது சிகிச்சையை நிறுத்துவதன்று; நீண்ட சிகிச்சையில் மனம் தளராதிருப்பது.

அந்த இயந்திரம் செய்வது என்ன? சுவிட்சர்லாந்தில் உருவான 'லோகோமேட்' இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. வார்ப்பட்டைகள் பிள்ளையின் உடல் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். கால்களில் பூட்டப்படும் இயந்திரச் சட்டங்கள் ஓடும் பட்டையின்மீது இடுப்பையும் முழங்காலையும் சீராக இயக்கும். கையால் காலைப் பிடித்து நடத்தும் மருத்துவர் விரைவில் களைத்துப்போவார். இயந்திரமோ ஒரே அமர்வில் பல நூறு அடிகள் நடக்க வைக்கும். மீண்டும் மீண்டும் செய்வதாலேயே மூளை ஓர் அசைவைக் கற்கிறது.

ஓதக் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று. முதலில் உஸ்தாத் ஓதுவார், பிள்ளை பின்தொடரும். பிறகு உஸ்தாத் மெல்லக் குரலைத் தாழ்த்துவார். இங்கும் இயந்திரத்தின் உதவி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, பிள்ளையின் சொந்த முயற்சி வளர வேண்டும்.

ஆயினும் இதனை அற்புதமாக எண்ணிவிடக் கூடாது. அதே அளவு நேரம் தரப்படும் வழக்கமான பயிற்சியைவிட இது மேலானது என்று ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை. எனவே இதற்காக வீட்டை விற்கவோ வட்டிக் கடன் வாங்கவோ தேவையில்லை. இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளை அன்றாடம் வீட்டில் செய்வதே அடிப்படை. இயந்திரம் அதற்குத் துணை.

அந்தப் பயிற்சி பெரும்பாலும் தாய் ஒருத்தியின் தோளிலேயே விழுகிறது. தந்தையும் மற்றவர்களும் அதில் பங்கேற்க வேண்டும். ஜமாஅத்தின் பொறுப்போ அதனினும் பெரிது. தகுதியுள்ள ஏழைக் குடும்பத்தின் சிகிச்சைக்கும் பயணத்திற்கும் ஜகாத் நிதி சேரட்டும். வசதி படைத்தோர் ஸதகாவால் அருகிலுள்ள சிகிச்சை மையத்தை வலுப்படுத்தட்டும்.

இறுதியாக ஒன்று. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக அமர்த்தினார்கள். தாம் வெளியே சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். பார்வை திரும்பட்டும் என்று அந்தக் கண்ணியம் காத்திருக்கவில்லை. நம் பிள்ளை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மஸ்ஜிதில் அவனுக்கு இடம் உண்டு. ஆனால் நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளம்கூட இல்லை. அதை அமைக்க எந்த ரோபோவும் தேவையில்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும், நமக்கு அவர்களின் அமானிதத்தைப் பேணும் மனத்தையும் தருவானாக. ஆமீன்.