தாய்க்குத் துணை நிற்போர்

தஞ்சை மாவட்டம் பாபநாசத்துக்கு அருகே, வெட்டாற்றங்கரையில் அமைந்த திருக்கருகாவூரில் முல்லைவனநாதரும் கர்ப்பரட்சாம்பிகையும் எழுந்தருளியுள்ளனர். முனிவரின் சாபத்தால் வேதிகை என்னும் பக்தையின் கருவுக்கு ஊறு நேர்ந்தபோது, அம்பிகை அதனைக் குடத்தில் வைத்துக் காத்து, நைதுருவன் என்ற மகவாக அவளுக்கு அளித்தாள் என்பது தலவரலாறு. பிள்ளை கிடைத்தும் பால் இல்லை. அப்போது காமதேனு வந்து குளம்பால் நிலத்தைக் கீற, பால் பெருகிக் குளமாயிற்று. கோயிலின் எதிரே உள்ள பாற்குளம் அதுவே என்பர்.

பால் இல்லையென்று வேதிகையை எவரும் பழித்ததாகக் கதையில் இல்லை. அவளைத் தேடி உதவியே வந்தது.

இன்று பல இல்லங்களில் நடப்பது வேறு. பிறந்த இரண்டாம் நாள் குழந்தை விடாது அழும். “பால் போதவில்லை போலும்” என்று பாட்டியார் பரிவோடுதான் சொல்வார். அச்சொல் இளந்தாயின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும். உடனே புட்டிப்பால் வரும்; குழந்தை மார்பைச் சுவைப்பது குறையும்; சுவைப்பது குறைந்தால் சுரப்பும் குறையும். சொன்ன சொல் அவ்வாறே பலித்துவிடும்.

முதல் நாட்களில் சுரப்பது சீம்பால். அது சிறிதளவே வரும்; சிசுவின் சிறு வயிற்றுக்கு அதுவே போதும்; நோயை எதிர்க்கும் ஆற்றலும் அதில் உண்டு. 2 முதல் 4 நாட்களுக்குள் பால் பெருகும்; அறுவைச் சிகிச்சைக்குப் பின் சற்றுத் தாமதமாகலாம். ஒரு நாளில் 8 முதல் 12 முறை பாலூட்டுவதே சுரப்பைப் பெருக்கும் வழி.

காம்பு வலித்தால், குழந்தை நுனியை மட்டும் பற்றியிருக்கக்கூடும். வாயை அகலத் திறந்து, சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துப் பற்றுமாறு அணைத்துக்கொண்டால் வலி தணியும். பால் கட்டினால் நிறுத்தாமல் ஊட்டுவதும், கையால் சிறிது பீய்ச்சுவதும் நலம். மார்பு சிவந்து காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாட வேண்டும்.

ஐந்தாம் நாளுக்குப் பின் குழந்தை தினமும் ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது என்று அறியலாம். சிறுநீர் குறைந்தாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் தாமதம் கூடாது. மருத்துவர் வேறு பால் கொடுக்கச் சொன்னால், அது தாயின் குற்றமன்று.

சேனை வைக்கும் வழக்கத்தையும் பெரியோர் சிந்திக்க வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் நஞ்சாகலாம். காமதேனு அளித்தது தெய்வப் பால். வீட்டுப் பசும்பால் சிசுவுக்கு ஆகாது. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. குழந்தையின் சிரத்தில் கைவைத்து ஆசி கூறினாலே சேனையின் கருத்து நிறைவேறிவிடும்.

தாய்க்கோ தண்ணீர் வேண்டும். பத்தியம் என்று அதனைத் தடுக்கலாகாது. வேளைக்கு உணவு, பகலில் சிறிது உறக்கம், வந்தவர் பேச்சிலிருந்து காப்பு, இரவில் ஏப்பம் வர வைக்க ஒரு தோள் ஆகியவற்றை அளிப்பது மூத்தோரால் இயலும். “வரும் அம்மா, கவலைப்படாதே” என்று ஒரு சொல்லும் உடன் சொன்னால், அந்த இல்லத்துக்கு அவர்களே காமதேனு.